கேட்கிற உத்தியோகம்

லண்டனில் நான் பார்த்த ஒரே உத்தியோகம், ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பிரிவுக்காக அதன் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பது. எண்பதுகளின் நடுவில் தட்டச்சு செய்பவளாக உள்ளே போனேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கந்தோருக்கே பொறுப்பாளராக வெளியே வந்தேன். இப்போது நினைத்தால் அத்தனை ஆண்டுகளும் கரைந்து ஒரே நீண்ட பிற்பகலாகத் தோன்றுகின்றன. ஜன்னலில் மெல்லிய மழை, மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி, தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒரு முதியவரின் குரல்.

வேலை கிடைத்த அன்று, ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெற்றோல் நிலையத்து ஷிப்டுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர்ச் சனத்திட்டக் காசு கேக்கிற வேலையோ? உம்மால ஏலுமோ?"

"கேக்கிறது அவை. நான் ரைப் பண்ணுறதுதான்."

வெறும் தட்டச்சு என்பது ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. என் மேலதிகாரி முன்பு ஹொக்கி விளையாடியவர், நெடிய உருவம். முழங்கால் கெட்டுப்போய், ஒரு குளிர்காலத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். தொலைபேசி என் கைக்கு வந்தது. போகும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: கேட்க வேண்டியதைக் கேள், பிறகு வாயைத் திறக்காதே, அவர்களே பேசட்டும்.

வாயைத் திறக்காமலிருக்க எனக்கு யாரும் பழக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மௌனத்துக்குள் அவர்கள் கொட்டியது பணத்தை மட்டுமல்ல. கோல் கை நழுவி விழுந்ததால் தோற்ற அஞ்சலோட்டம், மழையில் ஊறிய சப்பாத்தின் மணம், போட்டி முடிந்து ரயில் நிலையத்தில் காத்திருந்த ஒருத்தி. தமிழில் கேட்பது என்றால் யாசிப்பதும் செவிகொடுப்பதும் இரண்டும்தானே என்று ஒருநாள் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "ஓம், அப்பிடியெண்டால் உமக்குப் பொருத்தமான வேலைதான்" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நகரின் ஓரத்திலிருந்த எங்கள் மைதானத்தில் ஒரு பார்வையாளர் அரங்கு கட்ட வேண்டும் என்று மேலதிகாரி ஆசைப்பட்டார். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் பழைய ஓட்டக்காரர்களை அழைத்தோம். இயன்றவர்கள் ஒரு சுற்று ஓடுவார்கள், மற்றவர்கள் நடப்பார்கள், பிறகு தேநீர்.

அன்று மூடுபனி. ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் கைப்பையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. நிகழ்ச்சியை ரத்துச் செய்யலாமா என்று மேலதிகாரி கேட்டு முடிப்பதற்குள், தொப்பிகளும் நீண்ட கோட்டுகளுமாக வெண்மைக்குள்ளிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டம் நடந்தது. முடிவுக் கோட்டருகே நின்ற எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காலடிகள் மட்டும் விலகி, தேய்ந்து, இல்லாமலே போய், பிறகு மறுபக்கத்திலிருந்து மெல்லத் திரும்பி வந்தன. முதலில் ஒரு நிழல், பிறகு மூச்சு, பிறகுதான் முகம். யாருக்கென்று தெரியாமலே கைதட்டினோம்.

வேலியோரம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தனியாக நின்றார். எங்கள் பழைய ஓட்டக்காரர் ஒருவரின் மனைவி. கணவர் இறந்த பிறகு அவர் நினைவாக அரங்குக்குப் பெரிதாக ஏதும் தரக்கூடும், கவனித்துக்கொள் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். குடித்துவிட்டு, என்னோடு ஒரு சுற்று நடப்பாயா என்று கேட்டார். சேலைக்கு மேல் என் கணவரின் தடித்த கோட்டோடு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தூரத்து வளைவில், எவர் கண்ணுக்கும் நாங்கள் தெரியாத இடத்தில், அவர் பேசத் தொடங்கினார். அவரும் இதே கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் ஓட்டக் கழகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. பனி மூடிய காலைகளில் அவரும் ஒரு தோழியும் வேலி ஏறிக் குதித்து இங்கே ஓடுவார்களாம். மைதானத்தைச் சமன்செய்யும் உருளை வைக்கும் கொட்டிலுக்குப் பின்னால் உடை மாற்றுவார்களாம். மைதானக் காவலாளுக்குக் காலடி கேட்காமல் இருந்திருக்காது. ஒருநாள் வந்து பார்த்தால் சிறிய வாசல் பூட்டாமல் கிடந்ததாம்.

"என் கணவர் இங்கே ஓடினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்," என்றார். "நான் அவரைவிட வேகம். அது அவருக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு என் கையை விட்டார். ஓடினார். சில எட்டுகளில் பனி அவரை மூடிக்கொண்டது.

விழுந்துவிடுவாரே என்ற பதற்றத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை. முன்னால் ஒன்றுமில்லை, வெண்மையும் அவர் காலடிச் சத்தமும்தான். பயம் எப்போது போனதென்று தெரியவில்லை. நின்றுவிடாதே என்று அந்தச் சத்தத்தைப் பார்த்து மனம் கெஞ்சியது.

நான் எட்டியபோது அவர் முழங்காலில் கையூன்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது பெண்கள் எங்கே உடை மாற்றுகிறார்கள் என்று கேட்டார். ஆண்களின் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, சுடுதண்ணீர் இல்லை என்றேன். அரங்கைப் பற்றிக் கேட்பதுதான் என் வேலை. நான் அதைக் கேட்கவில்லை.

"அவர்களுக்கு ஓர் அறை கட்டித் தருவீர்களா?" என்றேன்.

பிறகு பேசவில்லை. மரங்களிலிருந்து நீர் சொட்டியது.

"கட்டுங்கள்," என்றார்.

வீட்டுக்குப் போனதும் கணவர் சேலைக் கரையிலிருந்த சேற்றைக் கண்டார்.

"எங்கை விழுந்தனீர்?"

"விழேல்லை. ஓடினனான்."

அவர் வாளியில் தண்ணீர் பிடித்துச் சேலையை ஊறப்போட்டார்.

திங்கட்கிழமை மேலதிகாரி கோபத்தில் சிவந்துபோனார். தன் அரங்கை நான் கைவிட்டுவிட்டேன் என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்து அமைதியாக இருந்தேன். அவரும் இருந்தார். நான் முதலில் பேசப்போவதில்லை என்பது அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. "உண்மையிலேயே ஓடினாரா?" என்றார் கடைசியில். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் இளகியது.

அரங்கு என் காலத்தில் எழவே இல்லை. அறை எழுந்தது. தன் பெயரையோ கணவர் பெயரையோ எழுத அந்த அம்மா சம்மதிக்கவில்லை. முதன்முதலாகக் குழாய்களைத் திறந்த மாலையில் தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு துவாய்களோடு வெளியே ஓடி வந்தார்கள். குழாய் வேலைக்காரரை அழைக்க மேலதிகாரி நொண்டி நொண்டிப் போனார். அந்த அம்மா மட்டும் கோட்டைக் கழற்றாமல், வெண்பனி போல் அறை நிறைந்த ஆவிக்குள், சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வாருங்கள் என்று சொல்லப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.