ஊசிவால் வாத்துகள் பறக்காத காலை

முச்சந்தியில் கிடக்கும் அமாவாசை எலுமிச்சம்பழத்தைத் தாண்டாதீர்கள் என்று என் மனைவி சொன்னால், வேண்டுமென்றே அதை மிதித்துக்கொண்டு போகிறவன் நான். விழுப்புரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். பேய் பிசாசெல்லாம் வேலையில்லாதவர்களின் சமாச்சாரம் என்பது என் கட்சி. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கார்த்திகையில் மழை விட்டதும் பிரம்மதேசம் பக்கத்து ஏரியில் வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்கும். அதிலும் ஊசிவால் வாத்து இருக்கிறதே, பொல்லாத பயந்தாங்கொள்ளி. வலை வைப்பவர்களிடம் பட்ட பாடோ என்னவோ, தண்ணீரில் மனிதக் கால் பட்டாலே மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். நானும் திண்டிவனத்து நண்பன் அன்புவும் அதைக் கிட்டத்தில் ஒரு படம் எடுக்க வருடக்கணக்கில் அல்லாடிக்கொண்டிருந்தோம்.

அன்று விடிந்தும் விடியாமலும் கரையோரப் புதரில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். அன்பு வரவில்லை, தூங்கிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு லென்ஸில் கண்ணை வைத்தால், ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் அவன் நடந்துகொண்டிருக்கிறான். அதே நீல மழைக்கோட்டு. சுற்றிலும் வாத்துகள். நம்பினால் நம்புங்கள், எனக்கு வந்தது பயமில்லை, பொறாமை. பிறகு அவனைக் கிண்டல் செய்யலாமென்று நாலைந்து படமும் எடுத்தேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

"வாங்கண்ணா, ஆழமே இல்ல."

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் ஒரு காலை வைத்தேன். அவ்வளவுதான், அத்தனை வாத்தும் ஒரே சத்தமாக எழுந்து பறந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஒரு காலுக்குப் பறந்தவை, நடுவில் நடந்தவனுக்கு ஏன் பறக்கவில்லை? நிமிர்ந்து பார்த்தேன். ஏரியில் யாருமே இல்லை. காலை வெளியே இழுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாக்கெட்டில் போன் அடித்தது. அன்புதான்.

"ண்ணா, வண்டி பேஜாரு பண்ணுது. இன்னும் திண்டிவனத்துலதான் தள்ளிக்கினு இருக்கேன். நீங்க பாட்டுக்குத் தண்ணில எறங்கிடாதீங்க. அங்க ஜேசிபி வச்சி மண்ணு எடுத்த குழி இருக்குது, ரெண்டு ஆள் ஆழம்."

எடுத்த படங்களில் வாத்துகள் மட்டும்தான் இருந்தன. அன்பு வந்து பார்த்துவிட்டு, "தூக்கக் கலக்கம்ணா" என்று சிரித்தான். நானும் சிரித்து மழுப்பினேன்.

அன்றிலிருந்து அவன் தண்ணீரில் இறங்கினால் நான் அவனைப் பார்ப்பதில்லை, வாத்துகளைத்தான் பார்ப்பேன். அவை எழுந்து பறந்தால் போன உயிர் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் பறந்தன.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவனை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு கெடார் பக்கம் ஓர் ஏரிக்குப் போனேன். அவன் வாங்கி வந்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், வழியெல்லாம் இரண்டு பேரும் தின்றோம். ஏரியில் இறங்கி வாத்துகளுக்கு நடுவே நடந்தான். ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அவனே கரையேறி வந்தான். "என்னண்ணா இப்படி வேர்த்துக்கினு நிக்கிறீங்க? வண்டிய எடுங்க, போலாம்" என்றான்.

எடுத்தேன், வேறு என்ன செய்ய? விழுப்புரம் வரைக்கும் என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் வந்தான்.