சட்டைப் பை மிட்டாய்

வீரமணி டீ குடிப்பதை எங்கள் ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மணலூர்பேட்டை போகிற சாலையில் மாயவனின் டீக்கடை. அங்கே வீரமணிக்கு மட்டும் தனி டம்ளர், நாலு கரண்டி சர்க்கரை. ஆற்றக் கூடாது, கலக்கவும் கூடாது. மேலே இருக்கிற டீயை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, அடியில் தங்கிய சர்க்கரையை ஆள்காட்டி விரலால் வழித்துத் தின்பான். ஐம்பதை நெருங்குகிற ஆள், மீசையெல்லாம் சர்க்கரை. "வெக்கமா இல்ல உனுக்கு?" என்று கேட்டால், "போய்யா, நீ சப்புன்னு பொறந்தவன், உனுக்கு இன்னா தெரியும்" என்பான்.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கத்தலும் சிரிப்பும் எனக்குக் கேட்காமல் போனதில்லை. அதனால்தான் இதை நான் சொல்கிறேன். ஊர் சொல்கிற கதையில் குடிகாரன், ஏமாந்த பெண்டாட்டி, இன்டர்நெட் பார்த்துக் கெடுத்த மகள் என்று மூன்று பேர் வருவார்கள். மூன்றும் பொய்.

அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் டிராக்டர் ஓட்டுவது. வண்டி அடுத்தவருடையது. உழவு நாளில் உழவு, கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கு லோடு. ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது மற்ற டிரைவர்கள் துண்டை விரித்துத் தூங்குவார்கள். வீரமணி லோடிலிருந்தே கரும்பை உருவிக் கடித்துக்கொண்டிருப்பான். அவன் வண்டி வந்து நின்ற இடத்தைச் சக்கையை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இப்படித் தின்றவனுக்குச் சுகர் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. இடது காலில் சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டு, இப்படியே போனால் அடுத்தது பாதம் என்றார்கள். இடது கால் கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் வண்டி போகும், வண்டி போனால் வீரமணி இல்லை.

கோகிலவாணி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவன் பெண்டாட்டி அவள். அவளுடைய அப்பாவுக்கு இதே சுகரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். களமருதூரில் அவர் கட்டிலில் கிடந்த காலம் முழுக்க அவள்தான் புண்ணைத் துடைத்துக் கட்டினாள். இன்னொரு காலை இழக்க அவள் தயாராக இல்லை. அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்த வாடையை ஒரு நாள் முகர்ந்திருக்க வேண்டும்.

மகள் சுபஸ்ரீ சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனில் வழி சொன்னாள். அரிசி, இட்லி, தோசை, கிழங்கு, பழம் ஒன்றும் கூடாது. முட்டை, கறி, கீரை, தேங்காய், வேர்க்கடலை சாப்பிடலாம். வீடியோவும் அனுப்பினாள். கோகிலவாணி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்தாள். வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம், பொட்டுக்கடலை உருண்டை எல்லாம் ஒரே நாளில் வெளியே போயிற்று. என் வீட்டுக்குத்தான் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

சோறு இல்லாமல் இருப்பது லேசான காரியம் என்று நினைக்கிறவர்கள் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து இரண்டு அவித்த முட்டையைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் வீரமணி சுவருக்கு அந்தப் பக்கம் அழுதான். ஆமாம், அழுதான். "ஒரு கை சோறுடி, ஒரே கை" என்று கெஞ்சினான். அவள் கீரையை இன்னும் கொஞ்சம் போட்டாள். சோற்றைக்கூட அவன் மறந்துவிட்டான், இனிப்பை மறக்க முடியவில்லை. கனவில் ஜிலேபி வந்ததாக என்னிடம் சொன்னபோது அவன் குரலே மாறிப்போயிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

பிறகு திருட்டு ஆரம்பித்தது. கரியாலூருக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு போனவன், மலையிலிருந்து ஒரு பிராந்தி பாட்டில் நிறையத் தேன் வாங்கிவந்து டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் ஒளித்துவைத்தான். கேட்டால் கியர் ஆயில் என்று சொல்ல ஏற்பாடு. கோகிலவாணி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தெருவில் நின்று கத்தினாள். "சாராயமா இருந்தாக்கூட வுட்டுட்டு இருப்பேன்யா! தேனு! விரலு போயும் புத்தி வரலியே உனுக்கு!" பாட்டில் சாக்கடையில் கவிழ்ந்தது. "தேனு சக்கரை இல்லடி, மருந்துடி" என்று அவன் சொன்னதை நாய்கூடக் காதில் வாங்கவில்லை.

அந்த மிட்டாயையும் சொல்ல வேண்டும். விரலை எடுத்து அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அவன் சட்டைப் பையில் ஒரு பிடி மிட்டாயைப் போட்டுவிட்டார். "மாத்திரை போடறவங்களுக்குச் சில நேரம் சுகர் ரொம்ப எறங்கிடும். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, ஒரு மாதிரி ஆச்சின்னா உடனே ஒண்ணு வாயில போட்டுக்கணும். எப்பவும் பாக்கெட்ல இருக்கட்டும்" என்றார். வீரமணியின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். பஸ் ஏறுவதற்குள் பாதி காலி. அன்றிலிருந்து அவனுக்குத் தினமும் கை நடுங்கியது.

நன்றாக நடிப்பான். துண்டைத் தண்ணீரில் நனைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வாணி, உயிரு போவுதுடி" என்று சாய்வான். முதல் இரண்டு தடவை அவள் பதறினாள். மூன்றாவது தடவை துண்டைப் பிழிந்து பார்த்தாள். பையில் மிச்சமிருந்த மிட்டாயையெல்லாம் பிடுங்கி அலமாரி மேலே ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். நர்ஸம்மா சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது. ஆனால் புருஷனையும் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

வீட்டில் நடக்காத நாடகம் டீக்கடைக்கு மாறியது. "மச்சான், தலை சுத்துது, ஒரு டீ போடு" என்பான். மாயவன் மனசு கேட்காமல் சர்க்கரையை அள்ளிப் போடுவான். விஷயம் தெரிந்ததும் கோகிலவாணி சண்டைக்குப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். வெற்றிலையில் சூடத்தை ஏற்றி மாயவன் கையில் கொடுத்தாள்.

"ண்ணா, நான் சொல்றத அப்பிடியே சொல்லி அணைங்க. எவ்ளோ கெஞ்சினாலும், உயிரே போவுதுன்னு சொன்னாலும், ஒரு சிட்டிகை இனிப்பு என் கையால இவருக்குக் குடுக்க மாட்டேன்."

மாயவன் தயங்கினான். அவன் மகள் ரம்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்துத் தங்கிய வயிறு. சூடம் அணைத்துச் சொன்னதை மீறினால் வீட்டில் இருக்கிற இளசைத்தான் அது தேடும் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கோகிலவாணிக்கும் தெரியும். தெரிந்துதான் அவனைத் தேர்ந்தெடுத்தாள். "அவரு காலு போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்ணா" என்று அவள் அழுததும் மாயவன் சொல்லி அணைத்துவிட்டான். வீரமணி பக்கத்தில் நின்று, "இன்னாடி என்னைக் கொலைகாரன் மாதிரி ஆக்கிட்டே" என்று முனகினான்.

அதன் பிறகு கால் ஆறியது. இதை மறைக்க முடியாது. புண் காய்ந்தது, தொப்பை இறங்கியது, கிளட்சை மிதித்தால் வலிக்கவில்லை என்றான். கோகிலவாணி தெருவில் நிமிர்ந்து நடந்தாள். பட்டினி கிடக்கிற உடம்புக்குப் பழைய மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்ததை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மூன்று வேளை சோறு தின்றவனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. சோற்றை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "திட்டுவாங்க, வேணாம். காலு ஆறிக்கினுதானே வருது" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

ஆடி மாதம். கரும்பெல்லாம் முழங்கால் உயரம்தான், கடிக்க ஒன்றும் இல்லாத காலம். காலையில் மாத்திரை போட்டு, முட்டை தின்றுவிட்டு உழவுக்குப் போனவன், வெயில் ஏறியபோது டிராக்டரைச் சாலையில் கோணலாக நிறுத்திவிட்டு டீக்கடைக்கு வந்தான். நான் அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் இருந்தேன். இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று மார்தட்ட மாட்டேன். நானும் அதே ஊர்க்காரன்தான்.

பெஞ்சில் இருந்தவர்கள் சொன்னது இது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. "மச்சான், சக்கர குடு" என்றான். நாக்கு குழறியது. மாயவன் சிரித்துக்கொண்டே, "ஆரம்பிச்சிட்டியா மாப்ள, துண்டு எங்க நனைச்சே?" என்றான். கடையே சிரித்தது. வீரமணி கெட்ட வார்த்தை பேசினான். அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. சர்க்கரை டப்பாவின் மேல் பாய்ந்தான். மாயவன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டான். இரண்டு பேர் வந்து வீரமணியைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் கிடத்தினார்கள். தள்ளாடுகிறவனைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. "மலைச் சரக்கு ஏத்திக்கினு வந்துட்டான், தெளியட்டும்" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். வாயை முகர்ந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போயிருந்த கோகிலவாணிக்கு மாயவன் போன் போட்டான். "ஒரு மாதிரி இருக்காம்மா. சக்கர கேக்கறான். குடுக்கட்டுமா?" என்று கேட்டானாம். அவ்வளவு சர்க்கரையையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "நடிக்கறாருண்ணா. குடுத்துறாதீங்க, சத்தியம் பண்ணியிருக்கீங்க. நான் வரேன்" என்றாள். அவள் நடந்து வந்து சேர்ந்தபோது வீரமணிக்குக் கை கால் வெட்டி இழுத்து அடங்கியிருந்தது. அவனுடைய நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. துண்டு காய்ந்து தோளில் கிடந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "சக்கர ரொம்ப ஏறிடுச்சா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். "ஏறலம்மா. இல்லவே இல்ல. அங்கயே ஒரு ரெண்டு ஸ்பூன் கரைச்சிக் குடுத்திருந்தா எழுந்து உக்காந்திருப்பாரு" என்றார் அவர். அவர்மேல் தப்பில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். வீரமணி கண் திறக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டான். இரண்டு காலோடும்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். குளிப்பாட்டும்போது பார்த்தேன், புண் இருந்த இடம் தெரியவே இல்லை.

சுபஸ்ரீ வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நான்தாம்மா சொன்னேன், நான்தாம்மா" என்று கதறினாள். கோகிலவாணி அழவே இல்லை. ஊர் அதையும் பேசியது.

அந்த வாரமே ரம்யாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை, சுகப்பிரசவம். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு வீடு சர்க்கரை கொடுப்பார்கள். மற்ற வீடுகளுக்கு அன்றைக்கே போய்விட்டது. சாவு வீடு என்பதால் கருமாதி முடிகிறவரை மாயவன் காத்திருந்தான். விட்டுவிடவும் முடியாது, தாலியறுத்தவள் என்று அவளை ஒதுக்கிவிட்டதாகப் பேசுவார்கள். பதினேழாம் நாள் காலையில் ஒரு எவர்சில்வர் தட்டில் சர்க்கரையை வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு வந்து நின்றான். நான் என் வாசலில் இருந்தேன்.

கோகிலவாணி தட்டைப் பார்த்தாள். "உள்ள வாங்கண்ணா" என்றாள். நானும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். அவள் வீரமணியின் போட்டோவைக் காட்டினாள். மாலை வாடிப்போயிருந்தது. "நீங்களே ஒரு சிட்டிகை எடுத்து அவரு முன்னாடி வைங்க. நான் வாங்கின சத்தியம், நானே வுட்டுட்டேன்."

மாயவன் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "கொழந்த இன்னும் பச்ச ஒடம்பும்மா" என்றான். "தப்பா எடுத்துக்காத."

அவள் சிரித்தாள். வீரமணி செத்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன், திரும்பவும் கேட்க வேண்டாம். தட்டை மாயவன் கையிலிருந்து வாங்கி, சர்க்கரை முழுவதையும் போட்டோவுக்கு முன்னால் தரையிலேயே கவிழ்த்தாள்.

கொடுத்தவர்களின் தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஏதாவது போட்டுத் தர வேண்டும். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். இனிப்பில்லாத வீடு, அரிசிகூட இல்லை. பிறகு அலமாரி மேலே கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். அதிலிருந்ததைத் தட்டில் கொட்டி மாயவனிடம் நீட்டினாள். நாலு மிட்டாய், காகிதம் பிரிக்காதது.

"ஆஸ்பத்திரியில குடுத்தது. அவரு பாக்கெட்லேருந்து நான் எடுத்து வச்சேன்" என்றாள். "ரம்யாகிட்ட குடுங்க. கெட்டுப் போயிருக்காது."