எங்கள் தெரு உபயத்தில் பாடிய ப்ளூஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, உப்பளம் என்ற எங்கள் பேட்டையில், எங்கள் கிறிஸ்தவக் கோயில் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு தெருவின் உபயம். அன்றைய பூசை, தேர், தேர் நிலைக்கு வந்ததும் கச்சேரி, எல்லாம் அந்தத் தெருக்காரர்கள் பொறுப்பு. எங்கள் தெருவின் நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன் எங்கள் பேண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோயில் பாடகர் குழுவில் இருந்த நாலு பேர் ஆரம்பித்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் பையன்கள், பாட்டு நான். கிட்டார்காரனின் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் வீட்டில் சோல், ப்ளூஸ் இசைத்தட்டுகள் கிடந்தன. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பாடியவை. கேட்டதும் பிடித்துக்கொண்டது. ஒருத்தி ஒரு வரி பாடுவாள், மற்றவர்கள் பதில் பாடுவார்கள். அதே முறையில், தண்ணீர் வராத குழாய், மூடிய மில் என்று தமிழில் நாங்களே பாட்டுக் கட்டினோம். கல்யாண வரவேற்பிலும் கடற்கரைச் சாலை மேடையிலும் பாடினோம். கூட்டம் தேடி வந்தது. சும்மா சொல்லவில்லை, இந்த ஊரில் எங்களைப் போல் வேறு யாரும் பாடவில்லை.

பிறகு ஒரு பெரிய ஹோட்டல் கூப்பிட்டது. "கெஸ்டுங்க சாப்பிடுற இடம். பின்னாடி நின்னு கத்துறது வேணாம். மேடம் மட்டும் மெதுவா பாடட்டும்" என்றார் மேனேஜர். கிட்டார்காரன் "சரிங்க சார்" என்று தலையாட்டினான். பதில் இல்லாமல் எங்கள் பாட்டு ஏது? மைக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வாரமே வேறொரு பெண்ணை நிறுத்தினான். அதுவும் நிலைக்கவில்லை. பேஸ்காரன் கருவடிக்குப்பத்துக்குக் குடிபோனான். பேண்ட் செத்தது.

கிட்டார்காரன் வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் வருடக்கணக்கில் பேசவில்லை. பூசையில் பக்கத்தில் இருப்பவர்களைக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரத்தில், அவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நான் கும்பிடுவேன்.

அன்று தேர் நிலைக்கு வந்துவிட்டது. மேடை, விளக்கு, மைக் எல்லாம் தயார். ஏற்பாடு செய்திருந்த ஆர்கெஸ்ட்ராவின் வேன் வழியில் பழுதாகி நின்றுவிட்டது, வர முடியாது என்று போன் வந்தது. முந்தின நாள் தடபுடலாகக் கச்சேரி வைத்த பக்கத்துத் தெருக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாடா, உங்க உபயத்துக்கு ஊமைப் படமா?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டிரம்ஸ்காரன் ஓடி வந்தான். "அக்கா, என் செட்டு வீட்லதான் கீது. பேஸும் திருவிழாவுக்கு வந்துருக்கான். ஏறிடலாம் வா."

"கிட்டார்காரன் நிக்கிற மேடையில நான் ஏற மாட்டேன்."

"அவன ஏன் பாக்குற? மைக்க பாரு. இல்லன்னா வருஷம் பூரா இவனுங்க வாயில நாமதான்."

ஏறினேன், தெருவுக்காக. கிட்டார்காரன் என் முகத்தைப் பார்க்காமலே கம்பியை முறுக்கினான்.

"ஸ்ருதிய கொஞ்சம் எறக்கி வெக்கட்டா?"

"என் தொண்ட ஒண்ணும் எறங்கல. பழைய ஸ்ருதியே வெய்யி."

"கொழாயத் தொறந்தா காத்துதான் வருது" என்று எடுத்தேன். பையன்கள் பதில் பாட வாயைத் திறப்பதற்குள் கூட்டம் முழுக்க ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. தேரோடு நடந்த வழியெல்லாம் மன்றாட்டுமாலையில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. கொல்லென்று சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். கிட்டார்காரனும் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் கை நிற்கவில்லை. அவர்கள் சொன்ன அதே இழுப்பைக் கம்பியில் வாசித்து, அடுத்த வரிக்குப் போ என்று தலையை அசைத்தான்.

"மில்லு கேட்டுல பூட்டுதான் தொங்குது" என்றேன். இந்த முறை தெரிந்தேதான் பதில் சொன்னார்கள். மில்லில் வேலை போனவர்கள் சிரிக்கவில்லை, எழுந்து நின்று சொன்னார்கள். கேலி பேசிய முன்வரிசையும் எழுந்தது.

பூசை வைத்த பங்குச் சாமியார் மேடைப் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "மன்றாட்டு முடிஞ்சிதா, இன்னும் இருக்கா?" என்றார். "இருக்கு சாமி!" என்று கூட்டம் கத்தியது.

இறங்கியதும், கிட்டார்காரன் மன்னிப்புக் கேட்பான் என்று நின்றேன். கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி எங்க வீட்ல ப்ராக்டீஸ். லேட்டா வராத" என்றான். "நான் எப்படா லேட்டா வந்தேன்?" என்று சண்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ப்ராக்டீசுக்கும் போனேன். இன்றுவரை போகிறேன். இப்போது பக்கத்துத் தெருக்காரர்களும் தங்கள் உபயத்துக்கு எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கோபம் ஆறட்டும், அப்புறம் சேரலாம் என்று காத்திருந்தால் எங்கள் பேண்ட் செத்தது செத்ததாகவே போயிருக்கும். கோபத்தோடேதான் ஏறினேன், அதோடேதான் பாடினேன், அது இன்னும் முழுசாக ஆறவில்லை, ஆனாலும் நான் செய்ததிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியது அன்றைக்கு அந்த மேடையில் ஏறியதுதான்.