நெஞ்சைத் தொட்டு

பொய் சொல்லும்போது தரகர் நெஞ்சைத் தொடுவார். உண்மை சொல்லும்போது என்ன செய்வார் என்று தெரியாது, பார்த்தவர்கள் இல்லை.

பழைய கார் வாங்கி விற்பது தொழில். துருவின் மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்த வண்டிகள் தகரக் கொட்டகையில் பளபளக்கும்.

"நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன் சார், ஒரு கீறல்கூட விழாத வண்டி. டாக்டர் ஓட்டினது."

எல்லா வண்டிகளையும் டாக்டர்களே ஓட்டியிருந்தார்கள்.

இப்படித் தொட்டுத் தொட்டுத்தான் இடது மார்புக் காம்புக்குப் பின்னால் கட்டி கையில் தட்டுப்பட்டது. வலியில்லை. வலிக்காத எதையும் அவர் மதித்ததில்லை. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு சட்டையில் கறை விழுந்த பிறகு, சட்டை துவைக்கிற மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"மார்பகப் புற்றுநோய்" என்றார் டாக்டர்.

"சரியாப் பாருங்க. நான் ஆம்பளை."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அறுத்து எடுத்தார்கள். வெளியே பைபாஸ் என்று சொல்லிக்கொண்டார். இதய நோய் கௌரவமானது. உழைத்தவனுக்கு வருவது, கவலைப்பட்டவனுக்கு வருவது. அவர் இரண்டும் செய்ததில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பைபாஸ்தான். மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் மகள் தலைமேல் சத்தியம் வாங்கினார். தனக்கும் ஒரு தலை இருப்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

"என்ன அண்ணே, இஞ்சினையே இறக்கிட்டாங்களாமே?" என்று பட்டறைக்காரர் விசாரித்தார்.

"அடைப்புப்பா. சுத்தமா அடைப்பு."

சொல்லிவிட்டு மெனக்கெட்டு மூச்சு வாங்கியும் காட்டினார்.

இரண்டு வருடம் கழித்து மகள் வந்து இறங்கினாள். மார்பில் கட்டி. தன்னை அறுத்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தரகர் அடம்பிடித்து, ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்.

"குடும்பத்துல யாருக்காவது வந்திருக்கா? பரம்பரையா இருந்தா வைத்தியமே மாறும்மா."

"இல்ல டாக்டர்" என்றாள் மகள். "அப்பாவுக்கு ஹார்ட் மட்டும்தான்."

கூட வந்திருந்த மனைவி தரகரைப் பார்த்தாள்.

"எங்க வம்சத்துலயே கிடையாதும்மா, நெஞ்சைத் தொட்டுச்..."

பழக்கத்தில் கை தானாகப் போனது. சட்டைக்கு அடியில் பள்ளம். கை அங்கேயே நின்றுவிட்டது.

"தொட்டாச்சுல்ல?" என்றாள் மனைவி. "சொல்லுங்க."

தரகர் மின்விசிறியைப் பார்த்தார். அது தனக்காகப் பேசும் என்று நினைத்தார் போல. பிறகு வண்டிக்கு விலை கேட்கிற குரலில் இழுத்தார்.

"ஆம்பளைக்கு வந்தா அதையும் சேப்பீங்களா?"

"கண்டிப்பா. யாருக்கு?"

தரகர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். காம்பு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்காக ஒரு தழும்பு.

மகள் அதையே பார்த்தாள். "ரெண்டு வருஷமாவாப்பா?"

"உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு..." கை மறுபடியும் நெஞ்சுக்குப் போகப் பார்த்தது. மனைவி முறைத்ததும் மடியில் விழுந்தது.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

பொத்தானைப் போட்டபடியே தரகர் மகள் பக்கம் சாய்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு மட்டும் பைபாஸ்னே இருக்கட்டுமே?"

ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தாள் மகள்.

"ஒரு கீறல்கூட விழாத வண்டின்னு சொல்லிடுங்கப்பா."