மகிழினியின் முன்னெழுத்து

காலை ஒன்பதே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து யசோதராவின் போனுக்குச் செய்தி வந்தது: 'உங்கள் மகள் மகிழினி இன்று வகுப்புக்கு வரவில்லை.'

யசோதரா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடைச் சீட்டு போடுகிறவள். லாரிக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் அசராதவள். அவளே சீட்டுப் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். எட்டரைக்குத் தன் கையாலேயே கேட்டுக்குள் விட்டுவிட்டு வந்த பிள்ளை எங்கே போகும்? போன மாதம் விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று, கோர்ட் வாசலில் பிள்ளையின் அப்பன் கிருஷ்ணப்பன் கத்தியது ஞாபகம் வந்தது.

"இன்னா ஆனாலும் கொயந்தைய நான் தூக்கினு பூடுவேன், பாத்துக்க!"

அவன் போன் அணைந்து கிடந்தது. பள்ளியிலோ யாரும் எடுக்கவில்லை. பாவி மனுஷன், எந்த ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டானோ என்று நினைத்தபடியே தெருவுக்கு ஓடினாள்.

ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர்ப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. நான்காம் வகுப்பு வாசலில் போய் நின்றால், மூன்றாவது பெஞ்சில் மகிழினி உட்கார்ந்திருக்கிறாள்!

"பேர் கூப்ட்டேன், பதிலே வரலைம்மா. நான் இன்னைக்குத்தான் இந்த வகுப்புக்கு வந்திருக்கேன், முகம் தெரியாது," என்றார் ஜூடி டீச்சர்.

பதிவேட்டில் 'ய. மகிழினி' என்றிருந்தது. கிருஷ்ணப்பனின் 'கி'யை எடுத்துவிட்டுத் தன் எழுத்தைப் போடச் சொல்லி, போன திங்கட்கிழமை ரோஷத்தோடு மனு கொடுத்தவளே யசோதராதான். மறுநாளே மகள் பக்கத்துப் பெண்ணின் கையைக் கடித்துவைத்தாள் என்று புகார் வந்தது. பிள்ளையின் மனசு அப்போதும் யசோதராவுக்கு உறைக்கவில்லை.

"ஏண்டி வாயத் தொறக்கல? என் உசுரே பூட்ச்சுடி!" பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மகிழினி அவள் காதோடு சொன்னாள்: "'ய'ன்னு கூப்ட்டாங்கம்மா. அதுக்கு உள்ளேன் சொன்னா நைனா பூடும். 'கி'ன்னு சொன்னா நீ பூடுவ. அதான் கம்முனு குந்திகினு இருந்தேன்."

கிருஷ்ணப்பனுக்குப் பயந்து ஓடிவந்தவளுக்கு இப்போது தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

"டீச்சர், ரெண்டு எழுத்தயும் போடுங்க. மனு நான் எழுதித் தரேன்."

ஜூடி டீச்சர் பென்சிலால் சேர்த்து எழுதிவிட்டுக் கூப்பிட்டார்: "ய. கி. மகிழினி."

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்தது. "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லி முடித்த பிறகும் அம்மாவின் துப்பட்டாவை அது விடவில்லை.