தறிக்குச் சொன்ன காலை வணக்கம்

எனக்கு மூன்று பாஷை தெரியும் என்று செல்லூரில் ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டவன் நான்தான். தமிழ், பெற்றவர்கள் கொடுத்தது. ஆங்கிலம், பிழைப்புக்கு வைத்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவர்களுக்கு ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நானே பி.ஏ. ஆங்கிலத் தாளை மூன்றாவது தடவையில்தான் தாண்டினேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே மனம் ஒடிந்தவர்கள். மூன்றாவது ஜெர்மன். அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெரு இளவட்டங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வெளிநாட்டு வானொலிகளுக்குக் கடிதம் போடுவது. ‘உங்கள் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்கிறது’ என்று எழுதினால் போதும், காலண்டர் வரும், ஸ்டிக்கர் வரும். ஜெர்மனி எந்தத் திசை என்று தெரியாதவன் வீட்டுச் சுவரிலும் பனி மூடிய மலை தொங்கும். ரேடியோவே இல்லாதவர்கள்கூட ‘தெளிவாகக் கேட்கிறது’ என்று எழுதினார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

எனக்குக் காலண்டருக்குப் பதில் புத்தகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் ஜெர்மன் பாடம், அதைப் பின்பற்றிப் படிக்க இந்தப் புத்தகம். என்னிடம் புத்தகம் இருந்தது, ரேடியோ இல்லை. எதிர்வீட்டு நண்பனிடம் ரேடியோ இருந்தது. அவன் விசைத்தறி ஓட்டுபவன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இரண்டையும் சேர்த்தோம்.

புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருந்த விளக்கத்தை நான் தமிழில் சொல்வேன். என் பங்கு அவ்வளவுதான். நான்காவது பாடத்திலேயே அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

“மாப்ள, இங்க பாரு. மேசை ஆம்பளையாம், விளக்கு பொம்பளையாம். ஆனா பொண்ண மட்டும் ‘அது’ங்கிறான்!”

“எங்க ஐயா எங்கக்காவ அப்பிடித்தான்டா சொல்றாரு. ‘அது எங்க போச்சு’ன்னு.”

அவன் சிரித்துவிட்டு மறுபடியும் புத்தகத்துக்குள் போனான். “நீ, நீங்கன்னு ரெண்டும் இருக்கு மாப்ள. இங்கிலீஸ்காரன் எல்லாத்தையும் ஒரே ‘யூ’வுல அடிச்சிட்டுப் போயிடுறான். இவனுக்கு மரியாத தெரியுது. இதையும் பாரு, பெரிய வாக்கியம் வந்தா ‘போனான் வந்தான்’ எல்லாத்தையும் நம்மள மாதிரியே கடைசில கொண்டுபோய் வைக்கிறான். அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு எப்பிடிடா நம்மள மாதிரி யோசிச்சான்?”

பட்டம் வாங்கிய எனக்கு இந்தக் கேள்வி எதுவுமே தோன்றியதில்லை. ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்ததும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

ஒரு நாள் அவனைப் பார்க்கத் தறிக்கூடத்துக்குப் போனேன். பன்னிரண்டு தறிகள் ஒன்றாய் ஓடும் இடம். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே எல்லாருக்கும் கை ஜாடைதான் பாஷை, மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். செல்லூரில் வளர்ந்ததால் எனக்கும் உதடு படிக்க வரும். வாசலிலிருந்து பார்த்தேன். அவன் தறிமேல் குனிந்தபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தான். திட்டுகிறானோ என்று பார்த்தால், ஜெர்மனில் காலை வணக்கம். “நலமாக இருக்கிறீர்களா?” கொஞ்சம் நிறுத்தினான். “நன்றி, நலமாக இருக்கிறேன்.” தறிக்குப் பதிலாக அவனே பேசிக்கொண்டான்.

உலகத்தில் வெட்கப்படாமல் அவன் உரக்கப் பேசிப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம் அந்த இரைச்சல். இது இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம், சாயங்காலம் டீக்கடைக்கு நல்ல சரக்குக் கிடைத்துவிட்டது என்பதுதான்.

டீக்கடையில் பெஞ்சைத் தறியாக்கி, குனிந்து, உதட்டைக் குவித்து, அப்படியே நடித்துக் காட்டினேன். கடைக்காரர் டீயைக் கீழே ஊற்றிவிட்டார். “வாங்க ஜெர்மன் தொரை” என்று மறுநாளே பெயர் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் பட்டப்பெயர் விழுந்தால் அது ரேஷன் கார்டில் ஏறாத குறைதான். அவனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் இன்னும் ஓட்டுவோம் என்று அவனுக்குத் தெரியும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் அவன் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தினான். கேட்பான், எழுதிக்கொள்வான். எனக்கு அது உள்ளூர நிம்மதியாக இருந்தது. அவன் உச்சரிப்புக்குப் பக்கத்தில் என்னுடையது, பல் கட்டியவன் முறுக்குத் தின்கிற மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஜெர்மன் இயந்திரம் வந்தது. அதைப் பூட்டிக்கொடுக்க ஒரு பொறியாளரும் வந்தார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. கூடவே இருந்து பேச ஓர் ஆள் வேண்டும், சரியாக அமைந்தால் மில்லிலேயே நிரந்தர வேலை என்று சேதி வந்தது. நண்பனுக்கு அப்போதே காது மந்தமாகத் தொடங்கியிருந்தது. தறியை விட்டு வெளியேற வேறு வழியும் அவனுக்கு இல்லை.

“நீயும் வா மாப்ள. ஆபீஸருக கிட்டப் பேசணும்னா எனக்கு ஒதறுது” என்றான். போனேன்.

மில்லில் இயந்திரத்தைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். நடுவில் பொறியாளர், கையெல்லாம் கிரீஸ். மேனேஜர் எங்களைப் பார்த்தார். “யாருக்குய்யா ஜெர்மன் தெரியும்?”

நண்பன் மூச்சை இழுத்துக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வைத்தான். அந்த ஒரு நிமிஷம் நான் சும்மா நின்றிருந்தால் போதும். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு நிற்காது.

“இவருதான் சார். எங்க ஊர்த் தறிக்கே ஜெர்மன் சொல்லிக்குடுத்தவரு!” என்று சொல்லி, அந்தப் புது இயந்திரத்தின் மேலேயே குனிந்து, உதட்டைக் குவித்து, டீக்கடையில் செய்ததை அப்படியே செய்தேன். இருபது பேரும் சிரித்தார்கள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துப் பொறியாளரும் சிரித்தார்.

பிறகு அவர் நண்பனிடம் நிதானமாக ஏதோ கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். இன்னொரு தடவை கேட்டார். அவன் தலையை ஆட்டி, தெரியாது என்று கையை விரித்தான்.

விட்ட இடத்தை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததைக் கம்பீரமாக எடுத்துவிட்டேன்: “சொல்லு, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?” அந்த நல்ல மனிதர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு காகிதத்தில் வாடிப்பட்டி ஸ்டேஷனுக்கு வழி வரையத் தொடங்கினார்.

“என்னய்யா சொல்றாரு?” என்றார் மேனேஜர்.

“ஊருக்குப் போற வழி சொல்றாரு சார்.”

“அப்ப அப்பிடியே கெளம்புங்க.”

திரும்புகிற பஸ் சமயநல்லூரைத் தாண்டியது. அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். “அந்த ஜெர்மன்காரர நீ ‘நீ வா போ’ன்னு பேசுன மாப்ள. பெரியவரு.”

“அவரு கேட்டது உனக்குப் புரிஞ்சுச்சா?”

“எல்லாம் புரிஞ்சுச்சு. ‘மூணு மாசமா எம் பாஷையில ஒருத்தர்கூடப் பேசல. தப்பாப் பேசுனாலும் பரவால்ல, மெதுவாப் பேசுங்க’ன்னாரு.”

“பெறகு ஏன்டா வாயத் தொறக்கல?”

“நீ பக்கத்துல நின்ன.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் பாடம் முழுக்க மன்னிப்புக் கேட்பது. அந்த ஊர்க்காரர்கள் காலை மிதித்தாலும் கேட்கிறார்கள், வழி விடச் சொன்னாலும் கேட்கிறார்கள், பஸ்ஸில் பத்துத் தடவை கேட்பார்கள் போலிருக்கிறது. எங்கள் ஊரில் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டால், உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். நாங்கள் டீ வாங்கிக் கொடுப்போம். அவன் அதைக் குடித்துவிட்டால் விவகாரம் முடிந்தது. வாங்கிக் கொடுத்தேன். குடித்தான். முடியவில்லை.

மூன்று பாஷைக்காரன், ஒன்றிலாவது சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் கழித்துத் தறிக்கூடத்துக்குப் போனேன். ஒன்பதாம் பாடத்தை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். வாசலில் நின்று பார்த்தேன். அதே இரைச்சல், அதே தறி, அவன் குனிந்திருந்தான். உதடு அசையவில்லை. வெகுநேரம் பார்த்தேன். அறுந்த நூலை முடிந்தான், தறியை ஓட விட்டான், வாய் மூடியே இருந்தது.

நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. கட்டை விரலை உதட்டருகே கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினான். டீ சாப்பிடலாமா என்று அர்த்தம்.

அந்தக் கூடத்தின் கை பாஷையில் டீக்கு ஜாடை இருக்கிறது. நூல் அறுந்ததற்கு இருக்கிறது, முதலாளி வருகிறார் என்பதற்கு இருக்கிறது. நான் சொல்ல வந்ததற்கு இல்லை. நானும் கட்டை விரலை உதட்டருகே சாய்த்துக் காட்டினேன்.