அட்டையில் போட்ட சூரியன்

"...மேல கெடக்குற ஒரு கை காய் மட்டும் பெருசா, பச்சையா இருக்கட்டும் ஆத்தா. அடியில என்ன கெடக்குன்னு எவன் தோண்டிப் பாக்கப்போறான்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு ஏலக்காயைப் பற்றியதல்ல, அக்காவின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றியது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை விரலில் உருட்டினாலே அது எந்தச் சல்லடையில் நிற்கும் என்று சொல்லிவிடுவார். ஆகவே உலகத்தில் எதையும் சலித்து, நல்லதை மேலே பரப்பி வைத்தால் விலை போய்விடும் என்பது அவர் கட்சி.

அக்காவுக்கு நுழைவுத் தேர்வில் நல்ல மார்க்கு. ஆனால் அவள் ஆசைப்பட்ட கல்லூரி மார்க்கை மட்டும் பார்த்து இடம் கொடுக்கிற கல்லூரி இல்லை. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்து மோதுகிற இடம் அது. மக்களுக்கு நீ என்ன செய்திருக்கிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை நேரில் பார்த்த ஒருவரின் கடிதமும் வேண்டுமாம். கடைசி நாளுக்கு நான்கு நாள் பாக்கி.

"நான்தான் ஒண்ணுமே செய்யலையே மாமா" என்றாள் அக்கா. அவளுக்குக் கடிக்க நகம்கூட மிச்சமில்லை.

மாமா விண்ணப்பத் தாளை என்னிடம் நீட்டினார். "நீ சத்தமா வாசி. ஒனக்கும் இங்கிலீசு பழகுன மாதிரி இருக்கும்." நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் எழுத்துக்கூட்ட, அக்கா அர்த்தம் சொல்ல, மாமா தலையாட்டுவார். பேப்பரானாலும் பஸ்சு போர்டானாலும் இப்படித்தான். அவருக்குக் கண்ணாடி மறந்துபோயிருக்கும், நான்தான் வாசிக்க வேண்டும். என் படிப்பின் மேல் மாமாவுக்கு அத்தனை நம்பிக்கை என்று எனக்குப் பெருமை பிடிபடாது.

மூன்றாம் தடவை வாசித்து முடித்தபோது மாமா தொடையைத் தட்டினார். "போடிமெட்டுக்கு மேல ஒரு மருத்துவ முகாம் போட்ருவோம்."

அதன்பிறகு வீடு கல்யாண வீடாகிவிட்டது. மருந்துக்கடைக்காரரிடம் பிரஷர் பார்க்கிற மெஷினை இரவல் வாங்கியாயிற்று. அக்காவின் வேதியியல் லேப் கோட்டு டாக்டர் கோட்டாகி, கஞ்சி போட்டுக் காய்ந்தது. ஸ்டூடியோக்காரர் கேமராவோடு வருவதாகச் சொன்னார். எனக்குக் கிடைத்தது அடிபட்ட பிள்ளை வேஷம். தலையில் கட்டு, அதில் சிவப்பு மை. கட்டு தலையில்தான் என்றாலும் நான் இரண்டு நாளாக நொண்டிப் பழகினேன்.

மூன்றாம் நாள் ஜீப்பில் ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் காது அடைத்தது, திறந்தது. போடிமெட்டைத் தாண்டி அம்மா காயெடுக்கப் போகிற எஸ்டேட்டுக்குப் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். அம்மாவோடு பத்துப் பதினைந்து பெண்கள் ஏலச்செடிகளுக்குள்ளிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

"வெரசா வாங்க. வரிசையா ஒரு போட்டோவுக்கு நின்னுட்டுச் சோலியப் பாக்கப் போங்க" என்றார் மாமா.

வரிசையெல்லாம் நன்றாகத்தான் நின்றது. ஆனால் ஒவ்வொருத்தரும் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, மாத்திரை அட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினார்கள்.

"பாப்பா, போன லீவுல நீ போட்ட சூரியன் அழிஞ்சு போச்சு."

பள்ளி விடுமுறைகளில் அக்கா அம்மாவுக்குத் துணையாக மலைக்கு வருவாள். அப்போதெல்லாம் இந்தப் பெண்களுடைய மருந்துச் சீட்டை வாசித்து, அட்டையின் முதுகில் பேனாவால் படம் போட்டுக் கொடுப்பாள். காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை, சாப்பிட்ட பிறகென்றால் ஒரு தட்டு. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது மாதிரி அவளுக்கு அது ஒரு கைவேலை.

மாமாவுக்குக் கோபம். "ஏத்தா, அதெல்லாம் உள்ள வைங்க. போட்டோவுல அசிங்கமாத் தெரியும்."

"ஒன் போட்டோ கெடக்கு அப்பு. இன்னைக்கு விட்டா பாப்பா எப்ப வருமோ" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்றவள்.

"அண்ணே, மஞ்சு மூட்டம் எறங்குது, வெளிச்சம் போகுது" என்றார் ஸ்டூடியோக்காரர். மாமா சொல்லிக்கொடுத்தபடி நான் முனகிக்கொண்டேயிருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

வரிசையில் ஒரு பெரியம்மா இரண்டு அட்டைகளை நீட்டினாள். ஒன்று கேரளாப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வாங்கியது, ஒன்று போடியில். "ரெண்டுக்கும் சூரியன் போடு பாப்பா."

அக்கா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்துகளைப் பார்த்தாள். "இது ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரை பெரியம்மா. கம்பெனி பேருதான் வேற. ரெண்டையுமா முழுங்குறீங்க?"

"ரெண்டு டாக்டரும் குடுத்தாக. யாரு மனசத் தாயி நோகடிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்தே தலை சுற்றுகிறது, இரண்டு தடவை செடிக்கடியில் உட்கார்ந்துவிட்டேன் என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றது. போட்டோவுக்கென்று கொண்டுவந்த மெஷினை அக்கா அவள் கையில் சுற்றினாள். மெஷின் காட்டிய எண் ரொம்பக் கீழே இருந்ததைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

"மாமா, ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

"போட்டோ?"

அக்கா அதற்குள் பெரியம்மாவை முன்சீட்டில் ஏற்றியிருந்தாள். போட்டோ எடுக்காமலே மலையிறங்கினோம். போடியில் ஆஸ்பத்திரி வாசலில் நர்சு ஓடிவந்து முதலில் பிடித்தது என்னைத்தான். என் தலைக்கட்டு அத்தனை பொருத்தமாக இருந்தது. டாக்டரம்மா பெரியம்மாவைப் படுக்க வைத்து, ஓர் அட்டையை நிறுத்தினார். மற்றதன் முதுகிலிருந்த மங்கிய சூரியனை விரலால் தடவிப் பார்த்து, "இது யார் போட்டது?" என்று கேட்டார். பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னதும், கல்லூரிக்கான கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அக்கா ஒரே மூச்சில் அந்தப் பக்கத்தை எழுதினாள். அந்தக் கல்லூரி நேர்முகத்தில் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டது, இடமும் கொடுத்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மாமா, "வாசி, கேப்போம்" என்றார். நான் எழுத்துக்கூட்டினேன், அக்கா தமிழில் சொன்னாள்:

"எழுத்துத் தெரியாதவங்க தெரியாதுன்னு சொல்றதில்ல. வெளிச்சம் பத்தலம்பாங்க, கண்ணாடிய மறந்துட்டேம்பாங்க. அவங்களுக்குக் கூச்சம் வராம எப்படிக் கேக்கணும்னு நான் இன்னும் படிக்கணும்."

மேலே பரப்ப இன்னும் நாலு நல்ல காய் வேண்டும் என்று மாமா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய், ஆணியில் தொங்கிய சட்டையின் உள்பையைத் துழாவி, ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவந்தார்.

"எனக்கும் ஒரு சூரியனப் போட்டுக் குடு ஆத்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எத்தன வேளைன்னு சீட்டுலயே தமிழ்ல எழுதியிருப்பாங்களே மாமா" என்றேன். அக்கா எதற்காக என் தொடையில் அப்படிக் கிள்ளினாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

மாமா என்னைப் பார்க்கவில்லை. பேனா ஓடுவதற்கு வாகாக, அட்டையின் கசங்கலைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, விண்ணப்பத் தாளின் மேல் வைத்தார்.